எந்த இலை முதலில்?

மலாயாவின் பேராக் மாநிலத்தில் கிரியான் என்றொரு நெல் மாவட்டம் இருக்கிறது. 1930களின் கடைசியிலிருந்தே அங்கே சில பருவங்களில் நட்ட பயிர் மஞ்சளும் சிவப்புமாக நிறம் மாறி, வளராமல் குட்டையாக நின்றுவிடும். மலாய்க்காரர்கள் அதைப் ‘பென்யாகித் மேரா’ என்றார்கள், சிவப்பு நோய். வேளாண்மை படித்தவர்கள் அதை மண்ணின் கோளாறாகப் பார்த்தார்கள். வடிகால் இல்லாத சதுப்பு, ஏதோ ஒரு சத்து குறைவு, இல்லாவிட்டால் ஏதோ ஒன்று மிகுதியாகி நஞ்சாகிவிட்டது என்று ஊகங்கள் ஓடின. மலாயா நெல்லின் கனிமச் சத்துகளைப் பற்றி 1959இல் வந்த ஒரு நூல் இந்த நோயையே முக்கியமாக எடுத்துக்கொண்டது. 1965இல்தான் பிலிப்பைன்ஸிலுள்ள சர்வதேச நெல் ஆராய்ச்சி நிறுவனத்தின் ஓவும் ரிவேராவும், மலேசிய ஆய்வாளர்கள் இருவரைச் சேர்த்துக்கொண்டு, அது வைரஸ் என்று காட்டினார்கள். அந்த இருவரில் ஒருவர் பெயர் நவரத்தினம். பச்சைத் தத்துப்பூச்சி ஒரு பயிரில் உறிஞ்சிவிட்டு அடுத்த பயிரில் உட்காரும்போது கூடவே போகிற நோய் அது. இன்று நாம் துங்ரோ என்று சொல்வதும் அதைத்தான். மண்ணுக்கு வைத்தியம் பார்த்துக்கொண்டிருந்த அத்தனை வருடமும் பூச்சி தன் வேலையைச் செய்துகொண்டிருந்தது.

அதே காலத்தில் இமயமலை அடிவாரத்துத் தராய்ப் பகுதியில் இதற்கு நேர்மாறான கதை ஒன்று நடந்தது. காடு திருத்திய வளமான மண், புதிதாகத் தொடங்கிய பந்த்நகர் வேளாண் பல்கலைக்கழகம், புதிய நெல் ரகங்கள். நட்ட இரண்டு மூன்று வாரத்தில் இலையின் அடிப்பகுதி வெளிறி, துருப்பிடித்த மாதிரிப் பழுப்புப் புள்ளிகள் படர்ந்து, பயிர் அப்படியே உட்கார்ந்துவிட்டது. ‘கைரா’ நோய் என்று பெயரும் விழுந்தது. அதை ஆராய்ந்த ய. ல. நெனே பயிர்நோயியல்காரர். பூஞ்சையையும் பாக்டீரியாவையும் தேடுவதுதான் அவருடைய தொழில். அவர் 1966இல் வெளியிட்ட முடிவோ துத்தநாகம் போதவில்லை என்பது. துத்தநாக சல்பேட்டைச் சுண்ணாம்போடு கரைத்துத் தெளித்தால் பயிர் தேறிவிட்டது. வயல்நிலையில் நெல்லுக்குத் துத்தநாகக் குறை உண்டு என்பதை உலகம் தெரிந்துகொண்டது அங்கேதான்.

சத்துக்குறை என்று நினைத்தது வைரஸாக இருந்தது; நோய் என்று நினைத்தது சத்துக்குறையாக இருந்தது. இரண்டு தீர்ப்புகளும் ஏறத்தாழ ஒரே வருடத்தில் திருத்தப்பட்டிருக்கின்றன. ஆரஞ்சுத் தோட்டங்களில் பசுமைநோய் என்கிறார்களே, அதையும் தென்னாப்பிரிக்காவில் வெகுநாள் மண்ணோடும் சத்தோடும்தான் முடிச்சுப்போட்டார்கள். சாறு உறிஞ்சும் சிறு பூச்சி ஒன்று அதைப் பரப்புகிறது என்று அங்கே நிறுவியதும் இதே 1965. இவர்கள் யாரும் விவரம் இல்லாதவர்கள் அல்ல. ஆய்வுக்கூடம் இருந்தது, நுண்ணோக்கி இருந்தது, சோதனை வயல் இருந்தது. எதிரே இருந்த இலை மஞ்சளாக இருந்தது, அவ்வளவுதான்.

மாடித்தோட்டத்துக் குழித்தட்டில் நாலு மிளகாய் நாற்று மஞ்சளாகிவிட்டதென்று பதறுகிறவர்களிடம் எனக்கு இந்தக் கதைகளைச் சொல்லத் தோன்றும். அவர்கள் கேட்பது வேறு. “என்ன போடலாம்?” என்பதுதான் எப்போதும் முதல் கேள்வி.

மஞ்சள் என்பதே இலையில் புதிதாக ஏறுகிற நிறம் கிடையாது. பச்சை இலையிலும் மஞ்சள் நிறமிகள் முதலிலிருந்தே இருக்கின்றன. 1906இல் ரஷ்யத் தாவரவியலாளர் ஸ்வெத், சுண்ணாம்புத் தூள் நிரப்பிய கண்ணாடிக் குழாயில் இலைச்சாற்றை ஊற்றி வடியவிட்டபோது பச்சை ஒரு பட்டையாகவும் மஞ்சள் வேறு பட்டைகளாகவும் தனித்தனியே பிரிந்து நின்றன. ஆக, நாம் பார்ப்பது பச்சை போன இடம். பச்சையம் உண்டாகாமல் போயிருக்கலாம், உண்டானது சிதைந்திருக்கலாம். முக்கிய வகைப் பச்சையத்தின் ஒரு மூலக்கூறில் 137 அணுக்கள். நட்டநடுவில் ஒரே ஒரு மக்னீசியம், அதைச் சுற்றி நான்கு நைட்ரஜன். அதில் இரும்பு இல்லை. ஆனால் அதைக் கட்டுகிற வேலை இரும்பில்லாமல் நடக்காது. வெளிச்சம் வேண்டும், வேருக்குக் காற்று வேண்டும், சூடும் குளிரும் அளவோடு இருக்க வேண்டும். இதில் எது அறுந்தாலும் வெளியே தெரிவது ஒரே நிறம். காய்ச்சல் என்று சொல்லி வருகிற நோயாளிக்கு உடம்பு சுடுவதை மட்டும் வைத்து எந்த வைத்தியரும் மருந்து எழுதமாட்டார். இலை விஷயத்தில் நாம் எழுதிவிடுகிறோம்.

அதனால் நிறத்தைவிட இடத்தைப் பார்ப்பது உத்தமம். எந்த இலையில் முதலில் வந்தது? அடியிலா நுனியிலா?

செடிக்குள் சில சத்துகள் ஊர்மாறும், சில மாறாது. நைட்ரஜன் தட்டுப்பாடானால் செடி தன் பழைய இலையிலுள்ள புரதத்தையும் பச்சையத்தையும் பிரித்து, நைட்ரஜனை மேலே வளர்கிற குருத்துக்கு அனுப்பிவிடும். அடியிலை முழுக்க ஒரே சீராக வெளிறும், குருத்து பச்சையாகவே இருக்கும். மக்னீசியமும் அப்படி இடம்பெயரக்கூடியதுதான். அங்கேயும் அடியிலைதான் முதலில் போகும். ஆனால் நரம்புகள் பச்சையாக நிற்க, நரம்புகளுக்கு நடுவில் மஞ்சள் விழும். இரும்பு அப்படிப் போகாது, போட்ட இடத்தில் போட்டபடி இருக்கும். ஆகவே இரும்புக்குறை வந்தால் அடியிலைகள் கரும்பச்சையாக இருக்கக் குருத்திலை மட்டும் வெளிறும். முற்றினால் கிட்டத்தட்ட வெள்ளையாகிவிடும். கந்தகக் குறையும் குருத்துப் பக்கத்தில்தான் காட்டும், ஆனால் அதில் நரம்பும் சேர்ந்தே வெளிறும். கந்தகத்தை நைட்ரஜன் என்று எடுத்துக்கொண்டு யூரியா போட்டவர்கள் ஏராளம்.

பாடப்புத்தகத்தில் இது அட்டவணையாக இருக்கும். செடியில் அப்படி இருக்காது. ஒரு மிளகாய் நாற்றைக் குழியிலிருந்து பிடுங்கி உள்ளங்கையில் வைத்துப் பாருங்கள். இருபது நாள் நாற்று என்றால் கீழே விதையிலைகள் இரண்டு, மெலிந்து நீண்டவை, விளிம்பு லேசாகச் சுருண்டிருக்கும். அதற்கு மேலே மெய்யிலை மூன்றோ நான்கோ. தண்டு நூல் கனம். அந்தச் சின்ன உடம்பில் ‘அடி’ என்பதற்கும் ‘நுனி’ என்பதற்கும் நடுவில் மூன்று விரற்கடைகூட இல்லை. இலையைத் திருப்பினால் அடிப்பக்கத்தில், நடுநரம்பை ஒட்டி, வெளிர்நிறத்தில் ஊர்கிற இலைப்பேன் இருக்கலாம். கைலென்ஸ் இல்லாமல் அதைப் பார்க்க இளம் கண் வேண்டும். பிறகு வேர். நார்க்கழிவுக் கட்டியைச் சுற்றி வெள்ளையாக வலை பின்னியிருந்தால் பாதிக் கவலை விட்டது. பழுப்பாகி, இழுத்தால் மேல்தோல் உருவிக்கொண்டு உள்ளே நூல் மட்டும் மிஞ்சினால் அது தண்ணீர் செய்த வேலை. நார்க்கழிவின் மேலே பச்சைப் பாசி பிடித்திருந்தால் வேரைப் பிடுங்கிப் பார்க்கவே தேவையில்லை.

பாலக்கோடு, ராயக்கோட்டைப் பக்கம் நிழல்வலைக் கூடாரங்களில் 98 குழித் தட்டுகளைப் பரப்பி வைத்திருப்பார்கள். தக்காளி, மிளகாய், கத்தரி எல்லாம் அங்கிருந்துதான் சுற்றுவட்டாரத்துக்குப் போகிறது. அங்கே மண் இல்லை, தென்னை நார்க்கழிவுதான். பச்சையான நார்க்கழிவில் ஒரு பங்கு நைட்ரஜனுக்கு நூறு பங்குக்கும் மேல் கரிமம் இருக்கும். சரியாக மட்கவைத்தால் அது 24 பங்கு அளவுக்கு இறங்கும். அரைகுறையாக மட்கியதை நிரப்பினால், அதைத் தின்று மட்கவைக்கிற நுண்ணுயிர்கள் இருக்கிற கொஞ்ச நைட்ரஜனையும் தங்களுக்கு எடுத்துக்கொள்ளும். தட்டு முழுக்க ஒரே மாதிரி மஞ்சளடிக்கும். தட்டுக்குத் தட்டு மாறாமல் ஒரே சீராக இருப்பதே அங்கே பெரிய சாட்சி. பூஞ்சையோ பூச்சியோ அத்தனை ஒழுங்காக வராது. நாற்றழுகல் என்றால் ஒரு மூலையில் நாலு நாற்று தலை சாய்ந்து, நாளைக்கு அது பத்தாகும்.

விதையிலை மஞ்சளாவதைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். ஏனென்றால் அதில்தான் அதிகம் பேர் ஏமாறுகிறார்கள். விதைக்குள் கட்டிவைத்த சாப்பாடு தீர்ந்ததும், மெய்யிலைகள் வேலையை எடுத்துக்கொண்டதும், விதையிலை வெளிறி உதிரும். அது உதிர வேண்டியது. நெல்லில் விதையிலை இப்படி மேலே வருவதில்லை. மூன்றாம் இலை விரிகிற மட்டும் நாற்று பெரும்பாலும் விதையின் மாவுச்சத்தை நம்பியே இருக்கும், அதற்குப் பிறகு தன் இலையையும் வேரையும் நம்ப வேண்டும். அந்த மாற்றத்தின்போது இரண்டொரு நாள் நாற்றங்கால் கொஞ்சம் வெளுத்தாற்போலத் தெரிவதுண்டு. அனுபவப்பட்ட விவசாயி வரப்பில் நின்று பார்த்துவிட்டுப் போய்விடுவார். புதிதாக மாடியில் தொட்டி வைத்தவர் அன்றைக்கே மீன் அமிலமும் பஞ்சகவ்யாவும் ஏதோ ஒரு நீலப் பொடியும் கரைத்து ஊற்றுவார். இரண்டிலைப் பருவத்து வேரால் அத்தனை உப்பைத் தாங்க முடியாது. இலை ஓரம் கருகும். அதைப் பார்த்துவிட்டு இன்னொன்று ஊற்றுவார். ஆர்.ஓ. இயந்திரத்தின் கழிவுநீரை வீணாக்காமல் செடிக்கு விடுகிற வீடுகளில் இந்தக் கருகல் இன்னும் சீக்கிரம் வரும்.

நம் ஊரில் மஞ்சள் நாற்றை வேண்டி வளர்க்கிற ஒரு சந்தர்ப்பமும் இருக்கிறது. மதுரை, சிவகங்கை, ராமநாதபுரம், விருதுநகர்ப் பக்கம் அம்மன் பொங்கலுக்கு முளைப்பாரி போடுவார்கள். வைக்கோலும் எருவும் இட்ட ஓட்டில் நவதானியத்தைத் தூவி, வெளிச்சம் புகாத அறையில் வைத்து, பெண்கள் மட்டும் போய்த் தண்ணீர் தெளித்து வருவார்கள். இரவு அதைச் சுற்றிக் கும்மி. திருவிழா நாளில் வெளியே எடுக்கும்போது முளை ஒரு முழம் உயரத்துக்கு, மெலிந்து, வெளிர்மஞ்சளாக நிற்கும். நன்றாக வளர்ந்திருந்தால் அந்த வருடம் மழை உண்டு என்று கணக்கு. தாவரவியல் சொல்வதும் எளிமையானதுதான். பூக்கிற தாவரங்கள் பச்சையத்தைக் கிட்டத்தட்டக் கடைசிப் படி வரைக்கும் இருட்டில் கட்டிக்கொண்டு போகும். அந்த ஒரு படியைத் தாண்ட ஒளி படவேண்டும். முளைப்பாரியைத் தலையில் வைத்து வெயிலில் ஊர்வலம் போகிற நேரத்திலேயே அந்த வேலை தொடங்கியிருக்கும். ஊருணியில் கரைப்பதற்குள் நுனிகள் பச்சை பார்க்க ஆரம்பித்திருந்தாலும் ஆச்சரியமில்லை. அதே மஞ்சளை ஜன்னலோரத் தொட்டியில் பார்த்தால் நாம் உரக்கடைக்குப் போவோம். அதற்கு வேண்டியது வெயில் மட்டும்தான்.

நெல் நாற்றங்காலில் தண்ணீர் ஆடுகிற ஆட்டம் இதைவிடச் சிக்கலானது, எனக்கு அலுக்காத விஷயமும் அதுதான். பூமியின் மேலோட்டில் ஆக்சிஜன், சிலிக்கன், அலுமினியம் தாண்டினால் அதிகம் இருப்பது இரும்பு. செம்மண் சிவப்பாக இருப்பதே அதனால்தான். இருந்தும் இரும்பில்லாமல் நாற்று வெளிறுகிறது. காற்றோட்டமுள்ள மண்ணில் இரும்பு துருவாகி உட்கார்ந்துகொள்கிறது. சுண்ணாம்பும் காரமும் உள்ள மண்ணானால் இன்னும் மோசம். காரநிலை (pH) ஓர் அலகு ஏறினால் கரைந்த ஃபெரிக் இரும்பு ஆயிரத்தில் ஒரு பங்காகிவிடும். நெல் முதலான புல்லினங்கள் இதற்கு ஒரு வழி வைத்திருக்கின்றன. வேரிலிருந்து ஒரு பொருளைக் கசியவிட்டு, அது துருவைப் பற்றிக்கொண்டதும் திரும்ப உறிஞ்சிக்கொள்ளும். ஜப்பானியரான தகாகி, நெல்லும் ஓட்ஸும் வேரால் விடுகிற இந்தப் பொருட்களைப் பற்றி 1976இல் எழுதினார். நெல் இதில் கொஞ்சம் கஞ்சன். பார்லி கசியவிடுகிற அளவுக்கு அது விடாது. தண்ணீருக்குள் நிற்கிற பயிருக்கு அந்த அவசியம் அவ்வளவாக வரவில்லை போலும்.

ஏனென்றால் தண்ணீர் கட்டினால் மண்ணில் காற்றுப் போய்விடும், துரு இளகி இரும்பு கரைந்துவிடும். புழுதி நாற்றங்காலில் குருத்து வெளிறி நிற்கிற நாற்று, தண்ணீர் கட்டிய சில நாளில் தானாகவே பச்சை பிடிப்பது இதனால்தான். எதுவும் போடவில்லை, மடையைத் திறந்துவிட்டார்கள், அவ்வளவே. ஆனால் அதே தண்ணீரை வடியவிடாமல் வாரக்கணக்கில் வைத்திருந்தால் துத்தநாகம் பயிருக்குக் கிடைக்காமல் போகும். இரும்பைத் திறக்கிற சாவியே துத்தநாகத்தைப் பூட்டுகிறது. தராயில் நெனே பார்த்தது அந்தப் பக்கம். இதில் மணிச்சத்தும் வந்து சேரும். நாற்று பறிக்க லேசாக இருக்கட்டும் என்று நாற்றங்காலுக்குச் சென்ட்டுக்கு 2 கிலோ டிஏபி போடுவது பழக்கம். அது பரிந்துரையும்கூட. கை தாராளமாகி அது நாலு கிலோவானால், ஏற்கெனவே தட்டுப்பாடான துத்தநாகம் இன்னும் இறுகும். அங்கே மஞ்சளுக்குக் காரணம் போட்டது.

டெல்டாவில் எந்த உரக்கடையிலும் ஆடி ஆவணியில் இந்த உரையாடல் காதில் விழும். ஒருவர் பாலித்தீன் பையில் ஒரு பிடி நாற்றோடு வருவார்.

“அண்ணே, நாத்து மஞ்சளடிச்சுப் போச்சு.”

கடைக்காரர் பையைப் பார்ப்பார், திறக்கமாட்டார். “எத்தன மாவுக்கு நாத்து?”

“பத்து மா வருங்கண்ணே.”

“யூரியா அரை மூட்ட, சிங்க் ஒரு பாக்கெட்டு, இந்த டானிக்க ஒரு டேங்க்குக்கு ரெண்டு மூடி. மூணே நாள்ல கருகருன்னு ஆயிடும்.”

எத்தனை நாள் நாற்று, தண்ணீர் கட்டிக் கிடக்கிறதா காய்ந்து கிடக்கிறதா, மஞ்சள் அடியிலா குருத்திலா, ஒரு மூலையிலா எல்லா இடத்திலுமா, எதுவும் கேட்கவில்லை. எத்தனை மா நிலம் என்று மட்டும் கேட்டார். சரக்குக்கு அந்தக் கணக்குப் போதும். நான் அவரை வில்லனாக்கப் பார்க்கவில்லை. பின்னால் பத்துப் பேர் நிற்கிறார்கள். “ஒண்ணும் போடாதீங்க, நாலு நாள் பாருங்க” என்று அவர் சொன்னால் வந்தவர் நேரே எதிர்க்கடைக்குப் போவார். அதைவிடப் பெரிய சிக்கல், அவர் கொடுக்கிற கலவை பல தடவை வேலையும் செய்துவிடுகிறது. ஐந்து காரணத்துக்கு ஐந்து மருந்தை ஒன்றாகப் போட்டால் ஏதோ ஒன்று பட்டுவிடும். பயிர் தேறும். எது தேற்றியது என்று அவருக்கும் தெரியாது, விவசாயிக்கும் தெரியாது. அடுத்த வருடம் மறுபடி ஐந்தையும் வாங்க வேண்டும். தானாகத் தேறவேண்டிய பயிராக இருந்தாலும் பெயர் டானிக்குக்குப் போகும். போதாதற்குத் துத்தநாக சல்பேட்டையும் டிஏபியையும் ஒரே பையில் கட்டிக் கொடுக்கிற கடைகள் உண்டு. இரண்டையும் ஒரே அண்டாவில் கரைத்தால் அடியில் வெள்ளையாக வண்டல் தங்கும். காசு கொடுத்து வாங்கிய துத்தநாகம் அந்த வண்டலில்தான் இருக்கும்.

கடைக்காரருக்கும் முன்னால், 1840களில், பிரான்சில் யூசேப் கிரி என்ற வேதியியல்காரர் வேறு மாதிரி ஒரு வேலை செய்தார். வெளிறிய இலைகளுக்கு இரும்பு உப்பின் கரைசலைக் கொடுத்துப் பார்த்தார். இலை பச்சையானது. பிறகு அவருடைய மகன் நுண்ணோக்கியில் அத்தகைய இலைகளின் செல்களுக்குள் பச்சையமணிகள் தேறுவதைப் பார்த்தார். இதில் என்னைக் கவர்வது கண்டுபிடிப்பைக் காட்டிலும் முறைதான். இதை யார் வேண்டுமானாலும் ஒரு இலையில் செய்து பார்க்கலாம். ஒரே இலையின் ஒரு பாதியில் பஞ்சால் தடவி, மறுபாதியைச் சும்மா விட வேண்டும். அந்தச் சும்மா விட்ட பாதிதான் சோதனையின் உயிர். நம் ஊர் நாட்டுமருந்துக் கடையில் அன்னபேதி கேட்டால் கொடுப்பார்களே, அதுதான் அந்த இரும்பு உப்பு. சோகை பிடித்த மனிதருக்குச் சித்த வைத்தியர் செந்தூரமாக்கித் தருவதும் அதையே. நாற்றுக்கு லிட்டருக்குப் பத்து கிராம் என்பது வழக்கமான அளவு. இளம் நாற்றென்றால் பாதியோடு நிறுத்திக்கொள்வேன். சாயங்காலம் தடவினால் நல்லது, வெயிலில் தடவினால் இலை கருகும். கரைத்ததைப் பழுப்பாகும்வரை வைத்திருந்தால் இரும்பு துருவாகிவிடும், பயனில்லை. நாலைந்து நாளில் தடவிய இடம் மட்டும் பச்சையானால் கேள்விக்கு விடை கிடைத்துவிட்டது. அடுத்த தட்டில் யூரியா மட்டும், அதற்கடுத்ததில் துத்தநாகம் மட்டும், ஒன்றில் வெறும் தண்ணீர். நாலு தட்டு, ஒரு பேனா, ஒரு வாரம். இந்த ஒரு வாரம்தான் யாரிடமும் இருப்பதில்லை.

இப்போது கைபேசியில் இலையைப் படம் பிடித்தால் நோயின் பெயரைச் சொல்கிற செயலிகள் வந்துவிட்டன. இலைத்துளைப்பான் கிறுக்கிய கோட்டையும் குலைநோயின் கண்வடிவப் புள்ளியையும் அவை அடையாளம் கண்டுவிடும். அந்த நோய்களுக்கென்று தனி முகம் இருக்கிறது. மஞ்சளுக்கு அப்படி முகம் கிடையாது. படத்தில் இலை பெரிதாகத் தெரிகிற அளவுக்கு வயல் மறைந்துபோகிறது. மஞ்சள் மடைவாயை ஒட்டி இருக்கிறதா, மேட்டுப் பகுதியில் மட்டுமா, வரிசை வரிசையாகவா, இங்கொன்றும் அங்கொன்றுமாகவா என்பது வரப்பில் நின்றால்தான் தெரியும். சத்துக்குறை மண்ணைப் பின்தொடரும். அதனால் அது மேடு பள்ளம், பழைய களம், எருக்குழி இருந்த இடம் என்று நிலத்தின் வரலாற்றை அப்படியே வரைந்து காட்டும். பூச்சி கொண்டுவருகிற வைரஸுக்கு நிலத்தின் வரலாறு தெரியாது. ஆரஞ்சு இலையில் இதே வேறுபாடு உள்ளங்கை அகலத்துக்குள் தெரியும். துத்தநாகக் குறையில் நடுநரம்பின் இருபுறமும் மஞ்சள் ஒன்றுக்கொன்று ஒத்திருக்கும், பசுமைநோயில் இடப்பக்கம் ஒரு மாதிரியும் வலப்பக்கம் வேறு மாதிரியும் திட்டுத்திட்டாக இருக்கும்.

பச்சையைப் படிப்பதற்கும் ஒரு ஒழுங்கு இருக்கிறது. நட்ட வயலில் நைட்ரஜன் போதுமா என்று பார்க்க இலைவண்ண அட்டை என்று ஒன்று கொடுப்பார்கள், வெளிர்பச்சையிலிருந்து கரும்பச்சை வரை படிப்படியாகப் பட்டைகள் போட்ட பிளாஸ்டிக் அட்டை. காலை எட்டு மணியிலிருந்து பத்துக்குள், சூரியனுக்கு முதுகைக் காட்டி, நம் நிழல் இலைமேல் விழும்படி நின்று, முழுதாக விரிந்த மேல் இலையை அட்டையோடு ஒட்டிவைத்துப் பார்க்க வேண்டும். பத்து இலையில் ஆறு குறித்த எண்ணுக்குக் கீழே இருந்தால்தான் யூரியா. அந்த எண்ணும் எல்லா நெல்லுக்கும் ஒன்றல்ல. பெரும்பாலான ரகங்களுக்கு 4, வெள்ளைப் பொன்னிக்கு 3. வெள்ளைப் பொன்னி இயல்பிலேயே வெளிர்நிறப் பயிர். பக்கத்து வயல் கருகருவென்று இருக்கிறதே என்று அதற்கும் யூரியா கொட்டினால் சாய்ந்துவிடும்.

துங்ரோவா சத்துக்குறையா என்ற அந்தப் பழைய குழப்பத்துக்கும் தமிழ்நாடு வேளாண் பல்கலைக்கழகம் ஒரு எளிய சோதனை வைத்திருக்கிறது. கிரியானில் ஏறத்தாழ முப்பது வருடம் யாருக்கும் கிடைக்காத வசதி அது. சந்தேகப்படுகிற பயிரின் இலைநுனியைப் பத்து சென்டிமீட்டருக்குக் கிள்ளி, 100 மில்லி தண்ணீரில் 2 கிராம் அயோடினும் 6 கிராம் பொட்டாசியம் அயோடைடும் கலந்த கரைசலில் கால் மணி நேரம் போட்டு, அலசிப் பார்க்க வேண்டும். துங்ரோ தாக்கிய இலை தான் செய்த மாவுச்சத்தை இரவில் முழுதாக வெளியே அனுப்ப முடியாமல் தேக்கி வைத்திருக்கும், அதனால் கருநீலக் கோடுகள் விழும். மற்ற மஞ்சளில் விழாது. ஆனால் இலையைக் காலை ஆறு மணிக்குள் கிள்ளியிருக்க வேண்டும். வெயில் ஏறிய பிறகு கிள்ளினால் நல்ல இலையிலும் அன்றைய மாவுச்சத்து சேர ஆரம்பித்திருக்கும், அதுவும் நீலம் காட்டும்.